கை நனைக்காத தொரை

கல்வராயன் மலை ஒன்றிய அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போன முதல் மாதத்தில், நான் வாங்கிக் கொடுத்த டீயை ஒருவர் குடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். முப்பத்து நான்கு வருஷ உத்தியோகத்தில் என் டீயை மறுத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சர்க்கரை வியாதிக்காரர். இன்னொருவர் இவர்.

எனக்குப் புள்ளியியல் உதவியாளர் உத்தியோகம். எந்த ஊரில் எத்தனை கிணறு, எத்தனை மாடு, எத்தனை ஏக்கரில் சாமை, எத்தனை புளியமரம் என்று எண்ணி மேலே அனுப்ப வேண்டும். மேலே இருப்பவர்கள் அதைக் கூட்டி இன்னும் மேலே அனுப்புவார்கள். கள்ளக்குறிச்சியில் குடும்பம், மலையில் நான். சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்கி, திங்கட்கிழமை காலை ஏறிவிடுவேன். பஸ் வருமா, மழை வழியை அடைத்துவிடுமா, ஊரில் சின்னவளுக்கு இருமல் நின்றதா என்ற கவலைகள் போக மிச்சமிருந்த நேரத்தில்தான் எண்ணுகிற வேலை நடந்தது.

அன்று அலுவலக வாசலில் வந்து நின்றவருக்கு அறுபது வயது இருக்கும். ஒல்லியான ஆள். வேட்டிக்கு மேல் பழைய கறுப்புக் கோட்டு, காதில் கடுக்கன், தோளில் கயிறு கட்டிய சுரைக்குடுவை. கூடவே அவர் வயதில் குள்ளமாக ஒருவர். மலைக்குப் புதியவன் என்பதால் யார் என்று தெரியாமலேயே உட்காரச் சொல்லி, பையனை விட்டு டீ வரவழைத்தேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, மேசையின் என் பக்கத்தில் வைத்தார்.

"முடியட்டும் சார். அப்புறம் குடிக்கிறேன்."

எது முடிய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவர் வெளியே போய்த் தன் குடுவையிலிருந்து நாலு மடக்குத் தண்ணீர் குடித்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அதைப் பார்த்த குள்ளமானவர் உள்ளே திரும்பி வந்தார். அவரைக் கங்காணி என்பார்கள், தொரையின் சொல்லை ஊர் ஊராகக் கொண்டு போகிறவர்.

"தப்பா நெனைக்காதீங்க சார். ரேஷன் கடைய எந்த ஊர்ல கட்டறதுன்னு ஆபீஸுக்கும் எங்க ஊருங்களுக்கும் ஒரு பேச்சு ஓடிக்கினு இருக்குது. அது முடியற வரைக்கும் தொரை இங்க கை நனைக்க மாட்டாரு."

"அது பி.டி.ஓ. தீர்மானிக்கிற விஷயம். நான் மாடு எண்ணுகிறவன்."

"ஆபீஸ்னா ஆபீஸ்தான் சார். அதுல மாடு எண்றவரு தனி, கடை கட்றவரு தனின்னு பிரிச்சுப் பாக்க அவருக்குத் தெரியாது."

மலையில் பரம்பரைத் தலைவரைத் தொரை என்பார்கள். பெரிய தொரைகளின் வீடுகள் வேறு. இவர் அவற்றின் ஒரு சின்னக் கிளை. பதினோரு ஊர்களுக்கு மட்டும் தொரை. ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வரியும் இல்லை, ஆள் படையும் இல்லை. வழக்குத் தீர்க்கும் வேலை ஒன்றுதான் அவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் சட்டம் அவருக்குக் கொடுக்கவில்லை, எடுக்க மறந்திருந்தது.

அவர் வழக்குத் தீர்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஒரு ஊற்றுத் தண்ணீரைப் பங்கு வைப்பதில் தகராறு. இரண்டு பேரையும் முழுக்கப் பேசவிட்டார். நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அண்ணன் பக்கம் தீர்ப்பானது. தீர்ப்புச் சொல்லி முடித்ததும் எழுந்து, தோற்ற தம்பியின் வீட்டை நோக்கி நடந்தார். அதுதான் அங்கே வழக்கமாம். வழக்கு நடக்கும்வரை இரண்டு பக்கத்தாரின் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. முடிந்த பிறகு, தோற்றவன் உலை வைக்க வேண்டும், தீர்ப்புச் சொன்னவர் முதலில் அவன் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். ஜெயித்தவன் வீடு பிறகுதான்.

அந்தத் தம்பி கோபத்தில் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. தொரை அவன் வாசலில் கிடந்த உரலின் மேல் உட்கார்ந்துகொண்டார். பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மூன்று மணிக்கும் அங்கேயே இருந்தார். உள்ளே புருஷன் பெண்டாட்டி பேச்சு கேட்டது.

"கெழவன் போவாதுடி. நீ வேலையப் பாரு."

"அது போவாதுன்னு ஒனக்குத் தெரியும் இல்ல? அப்போ தண்ணிய நான் அடுப்புல வைக்கறேன், நீ கோவத்த மூலைல வை."

களியும் கீரையும் வந்தன. தொரை இரண்டு உருண்டை சாப்பிட்டார். தம்பி எதிரே உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டான். கை கழுவும்போது, ஊற்றுக்குக் கீழே ஒரு சின்ன மடை கட்டினால் தண்ணீர் இரண்டு வயலுக்கும் எட்டுமா என்று தொரையிடம் கேட்டான். நான் அறைக்குத் திரும்பும் வழியில் கங்காணியிடம், தோற்றவன் வீட்டில் எதற்காகச் சாப்பிட வேண்டும் என்று கேட்டேன்.

"பயம் இருக்கணும் இல்ல சார்? தப்பாத் தீர்ப்பு சொன்னவன், சோத்துல இன்னா கலந்திருக்குதோன்னு பயந்துக்கினே சாப்பிடணும். அந்தப் பயம் இருந்தா தீர்ப்பு நேரா வரும்."

தொரையிடம் கேட்டபோது அவர் வேறு காரணம் சொன்னார். "தோத்தவன் மூஞ்சியப் பாக்காம வூட்டுக்குப் போயிட்டா, எனக்குத் தூக்கம் வராது."

இதை அவர் எல்லை தாண்டிக் கொண்டுபோவார் என்பதுதான் சிரிப்பும் சங்கடமும். பஸ் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்டிருந்த மாதங்களில் கண்டக்டர் நீட்டிய வெற்றிலையைத் தொடவில்லை. கோயில் திருவிழாத் தேதி பற்றிப் பூசாரியோடு அபிப்பிராய பேதம் வந்த வருஷம், பிரசாதத்தைத் துணியில் முடிந்து வைத்து, தேதி முடிவான பிறகு சாப்பிட்டார். அது அப்போது பூஞ்சை பிடித்திருந்தது. சாப்பிட்டார். 

அவருடைய பொறுமையால் ஊருக்கே பயன் கிடைத்ததை நான் ஒருமுறை பார்த்தேன். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின் மறியல் வாரம் அது. கீழே சாலைகள் எல்லாவற்றிலும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வடக்கே துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயிருந்தன. பஸ் இல்லை. மலையில் ரேஷன் அரிசி தீர்ந்து, புது லாரி அடிவாரத்துக்கு அப்பால் எங்கோ நின்றது. என் சின்னவளுக்குக் காய்ச்சல் என்று ஆள் மூலம் சேதி வந்ததால் நான் நடந்தே இறங்குவதென்று கிளம்பினேன். தொரையும் கங்காணியும் அரிசிக்காக இறங்கினார்கள். மூன்று பேருமாக நடந்தோம்.

அடிவாரச் சாலையில் பெரிய புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. என்னை அறியாமல் எண்ணினேன். பதினான்கு. அவை எல்லாம் என் கணக்கில் ஏற்கெனவே நின்ற மரங்கள், இனி கழிக்க வேண்டும். மரங்களின் மேல் இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவராக இருந்தவர் முப்பத்தைந்து வயதுக் கரும்பு விவசாயி. தொரையைக் கண்டதும் எழுந்து தோள் துண்டை எடுத்தார்.

"வாங்க தொரே. மொதல்ல மோர் குடிங்க. நடந்தா வந்தீங்க?"

"ஒரு காரியம் கேட்டு வந்தேன். அது முடியட்டும்."

அரிசி லாரிக்கு வழிவிட வேண்டும் என்று கேட்டார். தலைவர் யோசித்தார். ஒரு வண்டிக்கு வழிவிட்டால் எல்லா வண்டிக்கும் விட வேண்டிவரும் என்றார். பிறகு கொஞ்சம் கசப்போடு சொன்னார்.

"மலைசாதின்னு ஒங்களுக்குத் தனி ஒதுக்கீடு குடுத்துட்டாங்க. எங்க தலைய எண்ணி எங்க பங்கக் குடுங்கன்னுதான் நாங்க கேக்கறோம். அதுக்கே சுடறான்."

"குடுத்தாங்க. எங்க பசங்க பத்தாவது தாண்டட்டும், அப்பதான் வாங்கிக்க முடியும்" என்றார் தொரை. "பங்கு கேக்கறவன் கோவமாத்தான் கேப்பான். நான் கொற சொல்லல. அரிசி வண்டி ஒண்ணு போவட்டும்."

சொல்லிவிட்டு வெட்டிய மரத்தின் மேல் உட்கார்ந்தார். குடுவையில் தண்ணீர் வழியிலேயே தீர்ந்திருந்தது. நல்ல வெயில். மோர்ச் சொம்பு அவர் பக்கத்திலேயே இருந்தது. ஒரு இளைஞன் எரிச்சலோடு கேட்டான்.

"இன்னாண்ணா, நம்ம கைத்தண்ணி இவருக்கு ஆவாதாமா?"

கங்காணி எழுந்து விளக்கிச் சொன்னார். முடிந்ததும் முதல் ஆளாகக் குடிப்பார், முடியாமல் குடிக்க மாட்டார் என்றார். தலைவர் தொரையின் உதட்டைப் பார்த்தார். அது வெடித்திருந்தது.

"எல்லாரும் எழுந்திரிங்கடா. இதச் சீக்கிரம் முடிக்கலன்னா பெருசு இங்கயே கருவாடாயிடும். அப்புறம் மலையே எறங்கி வந்து நம்மள மறிக்கும்."

சிரித்துக்கொண்டே மரத்தின் கிளைப் பக்கத்தை இழுத்து, லாரி நுழைகிற அளவுக்கு வழி செய்தார்கள். லாரி போன பிறகு கிளைகளைப் பழைய இடத்திலேயே போட்டார்கள். தொரை மூன்று சொம்பு மோர் குடித்தார். பிறகு தலைவர் வீட்டில் சாப்பாடு. யாராவது போட்டோ எடுத்து, அரசு ஊழியன் மறியலில் கலந்துகொண்டான் என்று மெமோ வருமோ என்று எனக்கு ரசம் இறங்கவில்லை. மெமோ வரவில்லை. சின்னவளின் காய்ச்சலும் நான் போய்ச் சேர்வதற்குள் விட்டிருந்தது.

ஆனால் மலையில் அவரிடம் வழக்குகள் குறைந்துகொண்டே போயின. ஊற்று வழக்கில் ஜெயித்த அண்ணனே அடுத்த வழக்குக்குக் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போனார். பஸ் வசதி கூடியதும் வக்கீல் பக்கத்தில் வந்துவிட்டார். அமாவாசைக்கு அமாவாசை நாலைந்து வழக்கு என்றிருந்தது, நான் அங்கே இருந்த மூன்றாவது வருஷம், வருஷத்துக்கே நாலு என்று ஆனது. அமாவாசைக் காலைகளில் தொரை கோட்டை மாட்டிக்கொண்டு தயாராக இருப்பார். பத்து மணி வாக்கில் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்.

சட்டமன்றத் தேர்தல் அறிவித்த வாரம் என் அறைக்கு வந்தார்.

"கணக்குக்காரரே, எம்.எல்.ஏ. வூட்டு வாசல்ல எவ்ளோ பேரு நிப்பாங்க?"

"நான் எண்ணியதில்லை. காலையில் நூறு பேர் நிற்பார்கள்."

"எல்லாரும் இன்னாத்துக்கு வராங்க?"

"பட்டா, போலீஸ் கேஸ், வரப்புத் தகராறு."

"அதத்தான் நானும் கேள்விப்பட்டேன். வழக்கெல்லாம் கீழ எறங்கிப் போவுது. வழக்கு போற எடத்துக்கு நானும் போறேன்."

எனக்குப் பதறியது. மலை ஓட்டுகள் எல்லாம் ஒன்றுவிடாமல் விழுந்தாலும் கீழே உள்ள நாலு பெரிய கிராமங்களுக்கு ஈடாகாது என்று விரல் விட்டுக் காட்டினேன். அரசு ஊழியன் இதையெல்லாம் பேசக் கூடாது என்று நினைவு வந்து கதவைச் சாத்தினேன். அவர் கணக்கைக் கேட்டுக்கொண்டார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். ஜனங்கள் தன் வாசலுக்கு வர வேண்டும். மந்திரி ஆக வேண்டும், ரோடு போட வேண்டும் என்றெல்லாம் அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

சுயேச்சை. குடைச் சின்னம். வாடகைக்கு ஒரு பழைய ஜீப். பிரச்சாரம் ஆரம்பித்த அன்றே கங்காணிக்குத் தலைவலி ஆரம்பித்தது.

"எதிராளி அண்டா அண்டாவாக் குஸ்கா போடறான் தொரே. நாம கூட வரவனுங்களுக்கு டீயாவது வாங்கித் தரணும்."

"இத்தன நாளு நான் தீர்ப்பு சொன்னேன். இப்ப அவங்க தீர்ப்பு சொல்றவங்க, நான் வழக்காளி. வழக்காளி தீர்ப்பு சொல்றவனுக்குச் சோறு போடலாமா? நீயே சொல்லு."

"போடக் கூடாது."

"அவங்க வூட்டுல நான் குடிக்கலாமா?"

"அதுவும் கூடாது" என்று ஒப்புக்கொண்டுவிட்டு, கங்காணி என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

இப்படியாக அவர் ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளில் எதுவும் கொடுக்கவில்லை, எதுவும் வாங்கவில்லை. அது எந்தக் காலம் என்று யோசிக்க வேண்டும். அந்த வருஷங்களில் கீழே எல்லோரும் எண்ணத் தொடங்கியிருந்தார்கள். நம்மவர்கள் எத்தனை, அவர்கள் எத்தனை, ஒன்றியத்தில் நம் ஆள் எத்தனை பேர் என்று டீக்கடையில் என்னைக் கேட்பார்கள். யார் வீட்டில் யார் சாப்பிட்டார், யார் நாற்காலி போடவில்லை என்பதெல்லாம் வருஷக் கணக்காக நினைவில் நின்றது. அப்படிப்பட்ட ஊர்களில் ஆரத்தித் தட்டோடு சொம்புத் தண்ணீரும் நீட்டுவார்கள். இவர் கும்பிட்டு, முடியட்டும் என்பார். சங்கராபுரம் பக்கம் மூன்று ஊர் தாண்டுவதற்குள், மலைத் தொரைக்கு நம் வீட்டுத் தண்ணீர் ஆகாதாம் என்ற பேச்சு ஜீப்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. மறியலில் பதினைந்து பேருக்கு விளக்கிச் சொன்ன கங்காணியால் ஒரு தொகுதிக்கே விளக்கிச் சொல்ல முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை பஸ் வராமல், வேறு வழியின்றி அந்த ஜீப்பில் நான் ஏறினேன். குடைக் கொடி பறக்கிற வண்டியில் அரசு ஊழியன். கடைசி இருக்கையில், தலை வெளியே தெரியாதபடி சரிந்து உட்கார்ந்துகொண்டேன். வழியில் தியாகதுருகம் போகும் சாலையை ஒட்டி ஒரு காலனி. கரும்பு வெட்டுக் கூலிகள் குடியிருக்கிற ஒரே தெரு. தொரை இறங்கி வீடு வீடாகக் கும்பிட்டார். வெட்டு முடித்து அப்போதுதான் திரும்பியிருந்த ஒரு அம்மாள், கையில் கரும்புச் சோகை கீறிய கோடுகளோடு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"வெயில்ல வந்துக்கிறீங்க. குடிங்க."

"முடியட்டும் தாயி."

அந்த அம்மாள் சொம்பைக் கொண்டுபோய் முருங்கைமரத்தடியில் கவிழ்த்தார்.  பக்கத்தில் நின்ற ஒரு ஆள், "ஊர்த்தெருவுலயும் குடிக்கலையாமே" என்று சமாதானமாகச் சொன்னார்.

"அங்க குடிக்கலன்னா அது வேற. இங்க குடிக்கலன்னா அது வேற" என்றார் இன்னொருவர்.

ஜீப் கிளம்பி ஒரு பர்லாங் போயிருக்கும். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று தொரை கேட்டார். கங்காணி சொன்னார். ஒளிக்காமல், இத்தனை தலைமுறையாக அந்தத் தெருவில் யார் யார் தண்ணீர் குடிக்காமல் போனார்கள் என்று சொன்னார். தொரை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். வெயிலில் திரும்பி நடந்தார். நாங்களும் பின்னால் ஓடினோம். வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தால் பார்ப்பவர்கள் என்னையே வேட்பாளர் என்று நினைப்பார்களோ என்று நானும் இறங்கிவிட்டேன்.

அந்த அம்மாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"தாயி, ஒங்க தெருவுல நான் ஓட்டு கேட்டேன் இல்ல? அதத் திரும்ப எடுத்துக்கினேன். ஒங்க ஓட்டு எனக்கு வேணாம். இந்தத் தெருவுல ஒருத்தரும் எனக்குப் போட வேணாம்."

"ஓட்டு வேணாம்னா, பின்ன எதுக்கு வந்தீங்க?"

"தண்ணிக்கு."

அந்த அம்மாள் கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினார். அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொதல்ல குடுத்தத மரத்துக்கு ஊத்தியாச்சு. இருங்க, வேற மொண்டாறேன்."

தொரை இரண்டு சொம்பு குடித்தார். அந்த அம்மாள் எங்களுக்கும் கொடுத்தார். தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்று பார்த்தார்கள். ஜீப்பில் ஏறியதும் கங்காணி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி குடிக்கறதுக்கு ஒரு தெரு ஓட்டு போச்சு. இன்னும் எத்தன தெருவுல தாகம் எடுக்குமோ."

தொரை சிரிக்கவில்லை. குடுவையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஓட்டு எண்ணிக்கைக்கு என்னைப் போட்டிருந்தார்கள். எண்ணுகிறவன் என்று பெயரெடுத்தால் அதுதான் நடக்கும். அந்தக் காலனிப் பெட்டி என் மேசைக்கு வந்தது. சீட்டுகளை விரித்துச் சின்னம் சின்னமாக அடுக்கினேன். குடைக்கு ஒரு சீட்டும் இல்லை. இரண்டாம் முறை பார்த்தேன், இல்லை. சும்மா ஒரு சுயேச்சைக்குக்கூடத் தவறியாவது ஒன்றிரண்டு விழும். அந்த மனிதர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார், ஆகவே போடவில்லை. அவர் சொல்லை அந்தத் தொகுதியில் முழுசாகக் கேட்டது அந்தத் தெரு ஒன்றுதான்.

மலைப் பெட்டிகள் பக்கத்து மேசைகளில் எண்ணப்பட்டன. அவருடைய பதினோரு ஊர்களிலும் சேர்த்துப் பாதிக்குக் குறைவு. டெபாசிட் போயிற்று.

திங்கட்கிழமை மலை ஏறியதும் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். மொத்தக் கணக்கை ஏற்கெனவே ரேடியோவில் கேட்டிருந்தார்.

"நம்ம ஊருங்கள்ல எப்படி, கணக்குக்காரரே?"

சொல்லலாமா என்று தெரியவில்லை. கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னேன். தொரை கங்காணி பக்கம் திரும்பினார்.

"செரி. தீர்ப்பாயிடுச்சு. நாந்தான் தோத்தவன். நாளைக்கு ஒல வைக்கணும். பதினோரு ஊருக்கும் சொல்லிட்டு வா."

"யார வரச் சொல்றது தொரே? போட்டவனையா, போடாதவனையா?"

"எல்லாருந்தான் தீர்ப்பு சொன்னாங்க. எல்லாரையும் வரச் சொல்லு."

மறுநாள் நான் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். முற்றத்தில் மூன்று அண்டாவில் சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. தொரை காலையிலிருந்து வாசலில் நின்றார். பத்து மணிக்கு ஒருவரும் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. சரிவுக்குக் கீழே மரங்களுக்கு இடையில் ஆட்கள் கூட்டமாக நிற்பது தெரிந்தது. மேலே ஏறவில்லை.

"ஓட்டு ரகசியம் சார்" என்று கங்காணி என் காதில் சொன்னார். "யாரு போட்டான், யாரு போடலன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. இங்க வந்து ஒக்காந்து சோத்தப் பாத்தா மூஞ்சி காட்டிக் குடுத்துடும்னு பயப்படறானுங்க."

தொரைக்கு அது கேட்டிருக்கும். வாசலை விட்டு நகரவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அண்டாக்களைப் பார்த்தேன். இத்தனை சோறும் வீணாகப் போனால் அந்த வீடு அதோடு முடிந்தது, இனி அமாவாசையில் அந்தக் கோட்டை எடுக்கவே வேண்டாம் என்று எனக்குப் பட்டது. குழம்பில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் கூட்டத்திலிருந்து பிரிந்து ஏறி வந்தார். நாற்பது வயது இருக்கும். புருஷன் இறந்து இரண்டு வருஷம் என்று கங்காணி சொன்னார். கைக்கடியில் காலைக் கட்டிய சேவல் ஒன்று. வாசலில் நின்று, கீழே இருப்பவர்களுக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

"நான் ஒங்களுக்குப் போடல தொரே. எதிராளிக்குத்தான் போட்டேன். அவன் ஆளு வந்து, கோர்ட்டுல எனக்கு ஒத்தாசை பண்றேன்னு சொன்னான். எலையப் போடுங்க."

"வாம்மா" என்றார் தொரை.

வெறுங்கையோடு வரக் கூடாது என்று கொண்டுவந்ததாகச் சொல்லிச் சேவலை நீட்டினார். தீர்ப்பு முடிந்துவிட்டதால் தொரை வாங்கிக்கொண்டார். கங்காணி அதைக் கூடைக்குள் கவிழ்த்து மூடினார். அந்த அம்மாள் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்ததும் சரிவில் நின்றவர்கள் அசைந்தார்கள். முதலில் கிழவர்கள், பிறகு வீடு வீடாக. ஊற்று வழக்கின் அண்ணன் வந்தார், தம்பியும் வந்தார். யாரும் யாருக்குப் போட்டோம் என்று சொல்லவில்லை. தொரையே பரிமாறினார். ஒருவர் இலையிலும் குறைவாக விழவில்லை. நான் இலைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் இரண்டாம் தடவை உட்காரவே கணக்குக் கெட்டுவிட்டது. எனக்கும் இலை போட்டார். தேர்தல் வேலை பார்த்தவன் தோற்ற வேட்பாளர் வீட்டில் சாப்பிடலாமா என்று விதி எதிலும் படித்த நினைவு இல்லை, சாப்பிட்டேன்.

கூட்டம் இறங்கிப் போன பிறகும் அந்த அம்மாள் மட்டும் முற்றத்தின் ஓரத்தில் நின்றார்.

"இன்னாம்மா?"

"எங்க வூட்டுக்காரரு போனப்புறம் கொழுந்தனாரு நெலத்த விட மாட்டேங்கறாரு. மூணு வாட்டி கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எறங்கிப் போய் வந்தேன். வக்கீலு அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிக்கினே இருக்காரு. அந்த ஒத்தாசை பண்றேன்னவன ஆளையே காணோம். நீங்க பாருங்க தொரே."

தொரை கரண்டியை அண்டாவில் சாத்தினார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கங்காணியைக் கூப்பிட்டார்.

"அந்தச் சேவலக் கொண்டா."

கங்காணி கூடையைத் தூக்கியதும் கால்கட்டு அவிழ்ந்திருந்த சேவல் முற்றம் முழுக்க ஓடியது. அவரும் நானும் துரத்திப் பிடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. தொரை அதை வாங்கி அந்த அம்மாளிடம் நீட்டினார்.

"ஒங்களுக்குன்னு கொண்டாந்தது தொரே. எடுத்துக்கினு போவச் சொல்றீங்களே."

"வூட்டுக்கு எடுத்துக்கினு போம்மா" என்றார். முகம் மலர்ந்திருந்தது. கங்காணியைப் பார்த்து, "இவங்க கொழுந்தனாரு கீழத் தெருவுலதான இருக்கான்? அமாவாசைக்கு வரச் சொல்லிட்டு வா. அவன் வூட்டுல மோர் குடுத்தாக் குடிச்சுடாத" என்றார்.